பி.எஃப். செலவைக் குறைக்க பேசிக்கைக் குறைத்து வைக்கலாமா?

வேண்டாம். கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு குறையும் என்று, அறுபது பேர் உள்ள யூனிட்டில் பேசிக்கை, அதாவது அடிப்படைச் சம்பளத்தை, சின்னதாக்கி, மீதியை அலவன்ஸாகப் பிரிக்கச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதன் விளைவை நேரில் பார்த்தவன் நான்.

புதுச்சேரி சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் இருக்கிறேன். 2016-ல், 22 வருடம் வேலை பார்த்த பிட்டர் அண்ணன் ஒருவர் ஓய்வு பெற்றார். கடலூரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவார். சம்பளம் 19,500. ஆனால் பேசிக்கும் டி.ஏ.வும் (அகவிலைப்படி) சேர்ந்து 6,500தான்; மீதியெல்லாம் வீட்டு வாடகைப்படி, வாஷிங் அலவன்ஸ் என்று போனது. ஓய்வின்போது தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டி கணக்கில் அப்போது இந்த அலவன்ஸ் சேராது; மாதத்துக்கு 26 நாள் என்று வைத்து, வருடத்துக்கு 15 நாள் சம்பளம்தான் கணக்கு. 6,500-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 22 வருடத்துக்குப் போட்டால் 82,500 ரூபாய்.

கணக்குச் சீட்டை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "வருஷத்துக்கு நாலாயிரம்கூட வரலியேப்பா" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பேசிக் 13,000 என்று இருந்திருந்தால் 1,65,000 கிடைத்திருக்கும். நிர்வாகத்துக்கு அவரால் மிச்சமானது மாதம் 780 ரூபாய், பி.எஃப். பங்கு 12 சதவீதத்தில்.

இப்போது சட்டமும் இடம் தராது. எல்லோருக்கும் ஒரே மாதிரி தரும் அலவன்ஸுக்கும் பி.எஃப். பிடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, அலவன்ஸ்கள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய தொகையும் ஊதியம்தான்.

பேசிக் கூடினால் ஊழியர் பங்கு பி.எஃப். பிடித்தமும் கூடும் என்பதால், பையன்களே வந்து "கையில குறையுமே சார்" என்பார்கள். நியாயமான கவலை, வாடகையும் பெட்ரோலும் கையில் வரும் காசில்தானே? ஒரே மாதத்தில் மாற்றாமல், அடுத்த இரண்டு இன்கிரிமென்ட்டையும் முழுக்க பேசிக்கில் சேருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். ஒருவருக்கும் பழைய சம்பளத்தைவிடக் கையில் குறையவில்லை.

அப்புறம், தொழிலாளர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு மாத ஊதிய வரம்பு 21,000. இ.எஸ்.ஐ. கணக்கில் ஊதியம் 20,800 உள்ளவருக்கு அதில் ஆயிரம் ரூபாய் ஏற்றிக் கொடுத்தால், செப்டம்பரோ மார்ச்சோ அந்த ஆறு மாதப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் பிடித்தம் நின்றுவிடும். மருத்துவ வசதி அதன்பின் சில மாதங்கள்தான். வயதான அம்மா அப்பாவை அந்த அட்டையை நம்பி வைத்திருப்பவர்கள் நிறைய. உயர்வுக் கடிதம் கொடுக்கும்போதே, பெற்றோரையும் சேர்த்த குரூப் இன்சூரன்ஸ் தயாராக இருக்கட்டும்.