வேர்டில் உள்ள 200 பக்க இயந்திரக் கையேட்டை மார்க்டவுனுக்கு மாற்ற பாண்டாக் மட்டும் போதுமா?

மாற்றுவதற்குப் போதும். பாண்டாக் என்பது கோப்பை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் மென்பொருள், மார்க்டவுன் என்பது எளிய குறிகளோடு வெறும் எழுத்தாக எழுதும் வடிவம். ஆனால் எதுவும் விட்டுப்போகவில்லை என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து பார்க்க வேண்டும். தமிழ்ப் பக்கங்கள் பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுவது என் வேலை. முதல்முறை ஒரு பழைய கையேட்டை மாற்றியபோது சில நொடிகளில் முடிந்துவிட்டது. அச்செடுத்து, இயந்திரத்தை ஓட்டும் பெரியவரிடம் கொடுத்தேன். நாலைந்து பக்கம் புரட்டிவிட்டு, "தம்பி, டிரம் கதவு பத்தின எச்சரிக்கை எங்க?" என்று கேட்டார். தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் முழுதாக நிற்கும்வரை கதவில் கை வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அது. வேர்டில் சிவப்புக் கோடு போட்ட டெக்ஸ்ட் பாக்ஸுக்குள் இருந்தது. மாற்றிய கோப்பில் கோடும் இல்லை, உள்ளே இருந்த வரியும் இல்லை. ஒரு ஆளின் கை போகிற விஷயம். எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

காரணம் இதுதான். ஜான் மெக்ஃபார்லேன் என்ற தத்துவப் பேராசிரியர் 2006-இல் வெளியிட்ட பாண்டாக், எந்தக் கோப்பையும் முதலில் தலைப்பு, பத்தி, பட்டியல், அட்டவணை என்று தனக்குள் பிரித்து வைத்துக்கொள்ளும். பிறகுதான் கேட்ட வடிவில் எழுதித் தரும். டெக்ஸ்ட் பாக்ஸ், எழுத்தின் அளவு, நிறம் போன்றவற்றுக்கு அந்தப் பிரிவில் இடம் கிடையாது. தடித்த எழுத்தில் 16 அளவு வைத்துப் போட்ட 'தலைப்பு', அதற்கு வெறும் தடித்த பத்திதான்.

ஆகவே பாதி வேலையை வேர்டிலேயே முடித்துவிடுங்கள். தலைப்புகளுக்கு ஹெட்டிங் ஸ்டைல் கொடுங்கள். டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதை வெளியே எடுத்துச் சாதாரணப் பத்தியாக்கி, 'எச்சரிக்கை' என்று தனி ஸ்டைல் வையுங்கள். பாண்டாக்கில் டாக்எக்ஸ் என்ற வேர்டு கோப்பு வடிவத்தோடு ஸ்டைல்ஸ் நீட்டிப்பைச் சேர்த்துப் படித்தால் அந்தப் பெயரும் கூடவே வரும், தேடிப் பிடிக்கலாம். படங்களுக்கு எக்ஸ்ட்ராக்ட் மீடியா விருப்பத்தைச் சேருங்கள். கட்டங்களை இணைத்த அட்டவணை செங்குத்துக் கோட்டுக் குறியால் கட்டம் பிரிக்கும் மார்க்டவுனின் பைப் அட்டவணைக்குள் அடங்காது, அதை இணையப் பக்கங்களின் குறிமொழியான எச்டிஎம்எல்லாகவே விட்டுவிடலாம். அப்புறம், தலைப்பு, எச்சரிக்கை, படம், அட்டவணை எல்லாவற்றையும் இரண்டு கோப்பிலும் எண்ணுங்கள். நான் இப்போது இதைச் செய்யாமல் எந்தக் கையேட்டையும் வெளியே விடுவதில்லை.

மார்க்டவுன்தான் வேண்டுமா என்றும் யோசியுங்கள். இணையத்துக்கு எழுதுவதற்காக 2004-இல் வந்த எளிய வடிவம் அது. எச்சரிக்கைக்கென்று அதில் தனிக் குறி இல்லை. அதேபோல் வெறும் எழுத்தாக எழுதும் இன்னொரு வடிவமான ஆஸ்கிடாக்கில் குறிப்பு, யோசனை, முக்கியம், கவனம், எச்சரிக்கை என ஐந்து வகைக்கும் குறி உண்டு, பாண்டாக்கும் அதை எழுதித் தரும். இயந்திரக் கையேடு என்றால் நான் அதைத்தான் எடுப்பேன்.

சரி, பாமினி. அதில் தட்டிய 'அம்மா' கோப்புக்குள் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளியுமாகத்தான் இருக்கிறது. எழுத்துரு பாமினி என்பதால்தான் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிகிறது. பாண்டாக் எழுத்துருவின் பெயரை உதிர்த்துவிடும், மிஞ்சுவது கிறுக்கல். அதனால் பாண்டாக்கைத் தொடும் முன்பே, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். முழுக் கோப்பையும் எழுத்துரு மாற்றியில் போட்டால் நடுவில் உள்ள ஆங்கிலச் சொற்களும் பாக எண்களில் வரும் ஆங்கில எழுத்துகளும் தமிழ் எழுத்தாகிக் குழம்பும். வேர்டின் தேடலில் எழுத்துருவைப் பாமினி என்று கொடுத்து, அகப்படும் பகுதிகளை மட்டும் மாற்றுங்கள்.