வாசகர் கேள்வி: வட்டக் கட்டடமும் கீழூர்க் கொட்டகையும்

கேள்வி: ஆங்கிலேயர் கட்டிய பழைய நாடாளுமன்றக் கட்டடத்துக்கும் விடுதலைப் போராட்டத்துக்கும் என்ன தொடர்பு? (மஞ்சக்குப்பம், கடலூரிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: லட்யென்ஸ், பேக்கர் ஆகியோர் வடிவமைத்து, 1927 ஜனவரி 18 அன்று வைசிராய் இர்வின் பிரபு திறந்துவைத்த அந்த வட்டக் கட்டடம், ஆட்சியாளரின் பெருமைக்காக எழுந்ததுதான். ஆயினும் இரண்டே ஆண்டுகளில் அது போராட்டக் களமாயிற்று. 1929 ஏப்ரல் 8 அன்று, தொழிலாளர் வேலைநிறுத்தத்தைக் கட்டுப்படுத்தும் தொழில் தகராறு மசோதா நிறைவேறி, அரசுக்கு அடக்குமுறை அதிகாரம் தரும் பொதுப் பாதுகாப்பு மசோதா குறித்துச் சபைத் தலைவர் வித்தல்பாய் படேல் தம் முடிவை அறிவிக்க எழுந்த வேளையில், பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து ஆளில்லாத இடம் நோக்கிக் குண்டுகளை வீசி, துண்டறிக்கைகளைத் தூவி, தப்பியோட முயலாமல் கைதாயினர். உயிரிழப்பு இல்லை. செவிடர் காதில் விழச் செய்வதே தங்கள் நோக்கம் என்றனர். குண்டைவிட, ஓடாமல் நின்றதே அரசை அதிகம் உலுக்கியது என்பது என் கருத்து. பின்னர் நம் சத்தியமூர்த்தியும் அதே சபையில் அரசைக் கேள்விகளால் திணறடித்தார்.

அரசியலமைப்பு நிர்ணய சபை 1946 டிசம்பர் 9 அன்று கூடியதும், 1947 ஆகஸ்ட் 14 நள்ளிரவில் அதிகாரம் கைமாறியதும் அங்கேதான். அந்த இரவில் கடலூர் விடுதலை பெற்றது. பக்கத்திலுள்ள புதுச்சேரியிலோ பிரெஞ்சுக் கொடியே பறந்தது. அங்குள்ளோர் விதியை மாளிகை எதுவும் தீர்மானிக்கவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் கீழூர் என்னும் சிற்றூரில், ஒரு கொட்டகையில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளுள் 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்தனர். நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியது, சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்று நிறைவேறியது.