கிராமத்து முதியோர் நலன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (வெல்லாவெளி): எங்கள் முதியோர் சங்கம் ஒக்டோபர் 1 ஆம் திகதி மட்டுமே களைகட்டுகிறது. ஆண்டு முழுவதும் ஆட்களை வரவழைப்பது எப்படி?

பதில்: முதியோர் தினத்தன்று மாலையிட்டு, மதிய உணவும் பரிசுப் பொதியும் கொடுத்தனுப்புவதில் குற்றமில்லை, மறுநாள் காலையில் அவர்கள் மீண்டும் தனியே திண்ணையில் இருப்பார்கள் என்பதுதான் பிரச்சினை. ஆகவே கிழமைக்கு ஒரு நாள், ஒரே இடத்தில், நடந்து வரக்கூடிய தூரத்தில் கூடுங்கள். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் செல்லும் ஒரு சங்கத்தில் முதல் மூன்று மாதங்கள் சொற்பொழிவுகளாக வைத்தோம். வருகை குறைந்துகொண்டே போனது. பிறகு பன் பாய் இழைக்கத் தெரிந்த மூதாட்டி ஒருவரிடம், பிள்ளைகளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கும்படி கேட்டோம். கண் பார்வை மங்கியிருந்தும், பாயை விரலால் தடவியே எந்த இழை பிசகியது என்று சொல்லிவிடுவார். அடுத்த கிழமை, முன்பு வடமோடிக் கூத்து ஆடிய ஒருவர் யாரும் கேளாமலே தம் சதங்கையைக் கொண்டுவந்தார். கொடுப்பதற்குத் தம்மிடமும் ஏதோ உண்டு என்று அறிந்தவர் அழைப்புக்காகக் காத்திருப்பதில்லை.

கேள்வி (திருக்கோவில்): நான் வெளிநாட்டில் வேலை செய்கிறேன். என் பிள்ளைகள் இருவரையும் அம்மாவே பார்க்கிறார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள அவர் கிளினிக்குக்குப் போக மறுக்கிறார்.

பதில்: அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், மகள். விடியற்காலையில் எழுந்து, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பஸ் பிடித்து, வரிசையில் நின்று திரும்புவதற்குள் அவருடைய ஒரு நாள் முழுவதும் போய்விடுகிறது. ஒரே நாளில் கிளினிக் உள்ள இரண்டு மூன்று பேர் சேர்ந்து போகவும், அன்று பிள்ளைகளை அயலவர் ஒருவர் பார்த்துக்கொள்ளவும் சங்கத்தின் மூலம் ஒழுங்கு செய்யுங்கள். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. "உடம்பு சுகமாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்துவது ஆபத்தானது.

கேள்வி (நாவிதன்வெளி): முதியோர் அடையாள அட்டையை எந்த வயதில் பெறலாம்?

பதில்: 60 வயது பூர்த்தியானதும், கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கலாம்.

கேள்வி (வவுணதீவு): வீடு வளவை மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த பெரியவர் ஒருவர் இப்போது கவனிப்பாரின்றி இருக்கிறார். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. இலங்கையின் 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தம்மைத் தாமே பராமரிக்க இயலாத முதியவர் பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரி அதற்கான சபையிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால், அதே வளவில் குடியிருந்துகொண்டு மகள் மீது முறைப்பாடு செய்ய எத்தனை தகப்பன்மார் முன்வருவார்கள்? முதலில் சங்கத்தின் மூத்தவர் இருவர் வீட்டுக்குச் சென்று பேசுவதே நல்லது. இனி உறுதி எழுதப் போகிறவர்கள், தம் சீவியகாலம் வரை அங்கே குடியிருக்கும் உரித்தை அதில் மறவாமல் எழுதிக்கொள்ளட்டும்.

கேள்வி (ஆலையடிவேம்பு): விழுந்து இடுப்பு எலும்பு முறிவதைத் தடுக்கச் சங்கம் என்ன செய்யலாம்?

பதில்: உடல் சமநிலைக்கும் தசை வலுவுக்குமான பயிற்சியைக் கிழமைக்கு மூன்று நாட்களாவது செய்யும்படி உலக சுகாதார நிறுவனம் முதியோருக்குப் பரிந்துரைக்கிறது. நாற்காலியைப் பிடித்தபடி குதிகால் உயர்த்துவதிலிருந்து தொடங்கலாம். அதோடு, மாரி முடிந்ததும் பாசி பிடித்த கிணற்றடிகளைச் சுரண்டிக் கழுவும் வேலையை ஊர் இளைஞர்களிடம் கொடுங்கள். ஒரு வீட்டுக்கு அரை மணி நேரம் போதும்.