பத்திரத்தில் யார் பெயர்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் டெவன்ஷயர் டியூக்குகளான கேவெண்டிஷ் குடும்பத்துப் பெண்களைப் பற்றி வாசித்து வருகிறேன். டெவன்ஷயர் டச்சஸ் ஜோர்ஜியானா 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் அரசியல்வாதி ஃபாக்ஸுக்காகத் தெருவில் இறங்கி ஓட்டுக் கேட்டவர். அவரால் தான் பெற்ற மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவருக்கு இருநூறு ஆண்டு முன்பே, அந்தக் குடும்பத்தின் மூதாய் பெஸ் சொந்தப் பணத்தில் ஹார்ட்விக் மாளிகையைக் கட்டியிருக்கிறார். எப்படி? அந்த மாளிகை ஏன் இன்று குடும்பத்திடம் இல்லை?

கே.

அன்புள்ள கே.,

மாளிகை எழுந்தபோது பெஸ் கைம்பெண். ஜோர்ஜியானா கணவருக்கு முன்பே இறந்தவர். முக்கால்வாசி விடை இதில் இருக்கிறது.

அன்றைய இங்கிலாந்தில் மனைவி கொண்டுவரும் பணமும் நகையும் கணவனுடையவை. அவள் நிலத்து வாடகையும் அவன் கைக்கே போகும். அவன் இறந்தால் அவனுடைய நிலத்தில் மூன்றில் ஒரு பங்கை, அல்லது திருமணப் பத்திரத்தில் பேசிவைத்த வருட ஜீவனாம்சத்தை, அவள் ஆயுள்வரை அனுபவிக்கலாம்.

பெஸ்ஸுக்கு நான்கு திருமணங்கள். முதல் கணவர் ராபர்ட் பார்லி 1544இல் இறந்தபோது அந்தப் பங்கை வழக்காடித்தான் வாங்கினார். இரண்டாம் கணவர் வில்லியம் கேவெண்டிஷ். 1549இல் 600 பவுண்டுக்கு வாங்கிய சாட்ஸ்வர்த் பண்ணை உட்பட நிலங்களை இருவர் பெயரிலும் எழுதினார்கள். தகப்பன் இறந்து வாரிசு மைனராக இருந்தால் நிலம் அரசின் காவலுக்குப் போய்விடும். பெஸ்ஸின் பிறந்த வீடே அப்படி அடிபட்டது. கூட்டுப் பத்திரம் இருந்ததால் 1557இல் கேவெண்டிஷ் இறந்தபோது சொத்து பெஸ்ஸின் கையில் நின்றது. மூன்றாமவர் செயின்ட் லோ தன் சொத்தையே இவருக்கு எழுதிவைத்தார்.

சோதனை நான்காவதில் வந்தது. ஷ்ரூஸ்பரி பிரபு பெரும் பணக்காரர். அப்படியும் 1572இல் பணமுடை வந்தபோது, பெஸ் கொண்டுவந்த நிலங்களை, கேவெண்டிஷ் மூலம் பெஸ்ஸுக்குப் பிறந்த மகன்கள் வில்லியம், சார்ல்ஸ் பெயருக்கு எழுதிக்கொடுத்தார். கணவனும் மனைவியும் பிரிந்தபின், அந்தப் பத்திரம் செல்லாது என்று பிரபு சண்டையிட்டார். எலிசபெத் அரசி அமைத்த விசாரணையில் பெஸ் வென்றார். 1590இல் பிரபு இறக்க, அவர் வழி ஜீவனாம்சமும் சேர்ந்தது. 1597இல் புது ஹார்ட்விக்கில் குடியேறினார். கோபுர உச்சியில் கல்லில் நிற்கும் ஈ.எஸ். என்ற எழுத்துகள், எலிசபெத் ஷ்ரூஸ்பரி என்ற அவருடைய பெயர்தான்.

ஜோர்ஜியானாவின் செல்வாக்கு பொய்யில்லை. ஆனால் விருந்து நடந்த வீடு, வண்டி, உடை எல்லாம் கணவரான டியூக்கின் பணம். சூதாட்டக் கடனை அவரிடம் மறைத்து மறைத்தே நொந்துபோனார். சார்ல்ஸ் கிரே என்ற அரசியல்வாதி மூலம் கருவுற்றது தெரிந்ததும் டியூக் கெடு வைத்தார்: அந்த உறவையும் குழந்தையையும் விட வேண்டும், இல்லையேல் மற்ற மூன்று பிள்ளைகளைப் பார்க்க முடியாது. அன்று பிள்ளைகள் மீது தகப்பனுக்கே உரிமை. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கேட்டு ஒரு தாய் மனுப்போடவே 1839 சட்டம் வரவேண்டியிருந்தது. 1792இல் பிரான்சில் பிறந்த எலைசா, கிரேயின் பெற்றோரிடம் வளர்ந்தாள். இதே டியூக், வேறொரு பெண்ணிடம் தனக்குப் பிறந்த சார்லட்டை ஜோர்ஜியானாவிடமே வளர்க்கக் கொடுத்தவர். வாசிக்கும்போது எனக்கு ஆத்திரம் அடங்குவதில்லை.

ஹார்ட்விக் குடும்பத்தின் கையை விட்டுப் போனதற்குக் காரணம் வரி. அன்றைய சட்டப்படி, சொத்தை மகன் பெயருக்கு மாற்றியவர் அதன்பின் ஐந்தாண்டு உயிரோடிருந்தால் மரண வரி இருக்கவில்லை. அப்படி மாற்றிய பத்தாவது டியூக், ஐந்தாண்டு முடியச் சுமார் 14 வாரம் முன்பு, 1950 நவம்பரில் இறந்தார். வரி 80 விழுக்காடு. அதற்கு ஈடாகப் போன ஹார்ட்விக் 1959இல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் வந்தது. ஒன்பதாவது டியூக்கின் மனைவி ஈவ்லின், அங்குள்ள பழைய திரைச்சீலைகளைத் தன் கையாலேயே தைத்துச் செப்பனிட்டவர், 1960இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.