சாக்லேட்டில் டிகாஷன் ஊற்றினால் ஏன் இறுகிப் போகிறது?

கேள்வி: மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே காபி சாக்லேட் செய்ய நினைத்தேன். 250 கிராம் டார்க் சாக்லேட்டை உருக்கி, மணத்துக்காக இரண்டு டீஸ்பூன் ஃபில்டர் காபி டிகாஷன் ஊற்றினேன். கிளறக் கிளறக் களிமண் போலத் திரண்டுவிட்டது. மறுநாள் இன்ஸ்டன்ட் காபித்தூளை அப்படியே தூவிப் பார்த்தேன். நாக்கில் மணல் மணலாக நெருடுகிறது. எங்கள் வீட்டு டிகாஷனின் மணம் சாக்லேட்டில் வர வழி உண்டா? குழந்தைகளுக்குக் கொடுக்கலாமா? – திருச்சி வாசகி

பதில்: முதலில், அந்தக் களிமண் உருண்டையைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். அதைக் காப்பாற்றலாம். கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, சூடான பாலை ஒவ்வொரு டேபிள்ஸ்பூனாக ஊற்றிக் கிளறுங்கள். முதல் இரண்டு கரண்டிக்கு நிலைமை இன்னும் மோசமாவது போலத் தெரியும். கையை எடுத்துவிடாதீர்கள். மூன்றாவது, நான்காவது கரண்டியில் சட்டென்று இளகிப் பளபளப்பு திரும்பும். 250 கிராமுக்கு மொத்தம் 50 முதல் 60 மில்லி வரை பால் பிடிக்கும். அச்சில் ஊற்றி உடைத்துச் சாப்பிடும் சாக்லேட்டாக அது இனி உறையாது. ஆனால் ரொட்டியில் தடவவும், சூடான பாலில் கரைத்துக் குடிக்கவும், ஐஸ்கிரீமின் மேல் ஊற்றவும் அருமையாக இருக்கும்.

தண்ணீர் பட்டுக் கெட்டதைத் தண்ணீரே எப்படிச் சரிசெய்கிறது? இது புரிந்துவிட்டால் காபி, சாக்லேட் இரண்டையும் சேர்க்கும் எந்தச் செய்முறையும் உங்கள் கைக்குள் வந்துவிடும்.

உருகிய சாக்லேட் பார்ப்பதற்குக் கூழ் போல இருந்தாலும் அதில் ஈரம் கிடையாது. கோகோ வெண்ணெய் என்னும் கொழுப்பில் சர்க்கரைத் துகளும் கோகோத் துகளும் மிதந்துகொண்டிருக்கும் கலவை அது. அதில் சில சொட்டுத் தண்ணீர் விழுந்தால், சர்க்கரைத் துகள்களின் மேற்பரப்பு நனைந்து ஒன்றோடொன்று பாகு போல ஒட்டிக்கொள்ளும். ஈரக் கரண்டியைச் சர்க்கரை டப்பாவில் விட்டால் கட்டி கட்டியாகத் திரளுமே, அதேதான். தண்ணீர் தாராளமாக இருந்தால் சர்க்கரை கரைந்துவிடும், துகள்கள் விலகும், கொழுப்பு சிறு சிறு துளிகளாகப் பிரிந்து நீரில் பரவும். டார்க் சாக்லேட்டுக்கு நான் வைத்திருக்கும் கணக்கு, 60 கிராமுக்குக் குறைந்தது ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி. உங்கள் 250 கிராமுக்கு 60 மில்லிக்குக் குறையாமல் வேண்டியிருந்தது. நீங்கள் ஊற்றியது 10 மில்லி.

டிகாஷனும் தண்ணீர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கருப்பாக, கெட்டியாக இருப்பதால் அதை ஓர் எசன்ஸ் போல எண்ணிச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் வெந்நீர்ப் பாத்திரத்திலிருந்து கிளம்பிய ஆவி கிண்ணத்தின் விளிம்பில் குளிர்ந்து, ஒரே ஒரு கோடாக உள்ளே வழிந்ததைப் பார்த்தேன். அந்தக் கோடு போன வழியெல்லாம் பளபளப்பு மங்கி, கரண்டியின் முனையில் சொரசொரப்பு ஏறியது. அடுத்த நிமிடம் ஒரு கிலோ சாக்லேட்டும் திரண்டுவிட்டது. அன்றிலிருந்து கிண்ணத்தின் அடியைத் துடைக்காமல் நான் அதைச் சாய்ப்பதில்லை.

ஆகவே செய்யப்போவது எது என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். உடைத்தால் 'டக்'கென்று ஒடியும் கட்டிச் சாக்லேட் வேண்டுமா? அதற்குள் டிகாஷன் ஒரு சொட்டுக்கூடப் போகக் கூடாது. மென்மையான உருண்டை, மூஸ் என்னும் நுரைத்த இனிப்பு, கேக், பானம் என்றால் டிகாஷனை அளந்து, தயங்காமல் ஊற்ற வேண்டும்.

கட்டிச் சாக்லேட்டுக்கு இன்ஸ்டன்ட் காபித்தூள்தான் வழி. அது நீரில் கரையும், கொழுப்பில் கரையாது. அதனால்தான் உங்களுக்கு நெருடியது. புதிதாகத் திறந்த, ஈரம் ஏறாத தூளை உலர்ந்த மிக்ஸி ஜாரில் மாவு போல அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, 100 கிராம் சாக்லேட்டுக்கு ஒரு டீஸ்பூன் வீதம் சேருங்கள். இன்னும் எளிய வழி, வறுத்த முழுக் காபிக்கொட்டை. வறுத்து அரைத்துக் கொடுக்கும் காபிக் கடைகளில் கேட்டால் 100 கிராம் கொட்டையாகவே கொடுப்பார்கள். உருகிய சாக்லேட்டில் போட்டுப் புரட்டி, முள்கரண்டியால் எடுத்து பட்டர் பேப்பரில் வையுங்கள். கடிக்கும்போது கொட்டை மொறுமொறுவென்று நொறுங்கும். வேண்டுமென்றே வரும் அந்த நெருடல் யாரையும் தொந்தரவு செய்யாது.

இனி உங்கள் வீட்டு டிகாஷன். 25 கிராம் காபித்தூளுக்கு 120 மில்லி கொதிநீர் ஊற்றினால் கீழே 70 மில்லி அளவுக்குத்தான் இறங்கும். தூள் தன் எடையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாக்லேட்டுக்கு இந்த முதல் டிகாஷன் மட்டுமே உதவும். இரண்டாம் டிகாஷனில் மணம் போய்க் கசப்பு மட்டும் எஞ்சியிருக்கும். சாக்லேட்டில் ஏற்கெனவே கசப்பு போதுமான அளவு இருக்கிறது. டிகாஷனை நேரடியாக அடுப்பில் வைத்துக் கொதிக்கவிடவும் வேண்டாம். கிண்ணத்தோடு வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள்.

சிக்கரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிக்கரி கலந்த காபித்தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது இந்திய விதி. பாக்கெட்டிலேயே விகிதம் அச்சிட்டிருக்கும், பாருங்கள். சிக்கரியில் வறுத்த சர்க்கரையின் சாயலும் கெட்டித்தன்மையும் உண்டு. அதனால் கேக்கிலும் பானத்திலும் 70க்கு 30 நன்றாகவே பொருந்துகிறது. உருண்டைக்கும் மூஸுக்கும் சிக்கரி இல்லாத தூளைத்தான் நான் எடுப்பேன். அங்கே காபியின் புளிப்பும் பழவாசனையும் தனியாகத் தெரிய வேண்டும், சிக்கரி அதை மூடிவிடுகிறது.

பிறந்தநாளுக்கு நீங்கள் செய்யப் பார்த்தது இந்த உருண்டைதான் என்று நினைக்கிறேன். 200 கிராம் டார்க் சாக்லேட்டைப் பொடியாக நறுக்கிக்கொள்ளுங்கள். 80 மில்லி ஃப்ரெஷ் கிரீமையும் 30 மில்லி முதல் டிகாஷனையும் ஒன்றாக, ஓரத்தில் சிறு குமிழிகள் வரும் வரை சூடாக்குங்கள். நம் கடைகளில் அட்டைப் பெட்டியில் கிடைக்கும் கிரீமில் கொழுப்பு 25 சதவீதம்தான். தளதளவென்று கொதித்தால் திரிந்துவிடும். சூடான கிரீமைச் சாக்லேட்டின் மேல் ஊற்றி இரண்டு நிமிடம் தொடாமல் விடுங்கள். பிறகு நடுவில் மட்டும் சிறு வட்டமாகக் கிளறத் தொடங்குங்கள். நடுவில் ஒரு பளபளப்பான கருவட்டம் உருவாகும். அதை மெல்ல மெல்ல வெளியே அகலப்படுத்துங்கள். எடுத்த எடுப்பிலேயே முழுக் கிண்ணத்தையும் கலக்கினால் எண்ணெய் பிரியும். அப்படிப் பிரிந்தால் ஒரு டேபிள்ஸ்பூன் வெதுவெதுப்பான பால் விட்டு மறுபடி நடுவிலிருந்து தொடங்குங்கள். கடைசியில் 20 கிராம் வெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு. உப்பை விட்டுவிடாதீர்கள், கசப்பின் முரட்டுத்தனத்தை அடக்குவது அதுதான். மூன்று மணி நேரம் குளிர்ந்ததும் உருட்டி, கோகோ பவுடரில் புரட்டலாம்.

சாக்லேட் வாங்கும்போது பொருள் பட்டியலைப் படியுங்கள். கோகோ வெண்ணெய் இல்லாமல் தாவரக் கொழுப்பு என்று மட்டும் இருந்தால் அது காம்பவுண்ட். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு சேர்த்தது. நன்றாக உறையும், வெயிலையும் ஓரளவு தாங்கும். ஆனால் வாயில் மெழுகு போலத் தங்கும், காபியின் மணத்தை வெளியே விடாது. கோகோ வெண்ணெய் 34 டிகிரி செல்சியஸ் அருகில் உருகுகிறது. நம் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே. நாக்கில் வைத்ததும் கரைந்து காபி மணம் மேலெழும்புவது அதனால்தான். காசு கொஞ்சம் கூடினாலும் உருண்டைக்கு நல்ல சாக்லேட் வாங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது டிகாஷன் மூஸ். முட்டை வேண்டாம், கிரீம் வேண்டாம். ஹெர்வே திஸ் என்னும் பிரெஞ்சு வேதியியலாளர் சாக்லேட்டையும் தண்ணீரையும் மட்டுமே வைத்து நுரைக்க வைக்கும் முறையைக் காட்டினார். சாக்லேட்டிலேயே கொழுப்பு இருக்கும்போது, சரியான அளவு நீர் சேர்த்துக் குளிரவைத்து அடித்தால் அதுவே கிரீம் போல நுரைக்கும் என்பது அவருடைய கணக்கு. அந்தத் தண்ணீரின் இடத்தில் நாம் காபியை வைத்துவிடலாம். 60 முதல் 70 சதவீத கோகோ உள்ள சாக்லேட் 200 கிராம், 80 மில்லி முதல் டிகாஷன், 90 மில்லி தண்ணீர், இரண்டு டீஸ்பூன் சர்க்கரை. எல்லாவற்றையும் இளஞ்சூட்டில் உருக்கிக் கலந்தால் ரசம் போல நீர்த்துத் தெரியும், கவலை வேண்டாம். கிண்ணத்தைப் பனிக்கட்டி போட்ட பெரிய பாத்திரத்தில் இறக்கிக் கம்பிக் கரண்டியால் அடியுங்கள். மூன்று நான்கு நிமிடம் ஒன்றும் நடக்காது. பிறகு கரண்டி போன தடம் மேலே தங்கத் தொடங்கும், நிறமும் வெளுக்கும். அந்த நொடியில் நிறுத்தி உடனே சிறு கிண்ணங்களில் எடுத்து வையுங்கள். இன்னும் பத்து அடி அதிகமானால் பொரபொரவென்று ஆகிவிடும். ஆனாலும் நஷ்டமில்லை, மீண்டும் உருக்கி மீண்டும் அடிக்கலாம். காம்பவுண்டில் மட்டும் இதை முயல வேண்டாம்.

முட்டையில்லாத கேக் வேண்டுமென்றால், 180 கிராம் மைதா, 200 கிராம் சர்க்கரை, 3 டேபிள்ஸ்பூன் கோகோ பவுடர், ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு ஆகியவற்றைச் சலித்து வையுங்கள். 80 மில்லி டிகாஷனில் 160 மில்லி தண்ணீர் சேர்த்து ஆறவிட்டு, அதோடு 75 மில்லி மணமில்லாத எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர் கலந்து மாவில் ஊற்றி, கட்டியில்லாமல் கலந்த உடனே 8 அங்குலத் தட்டில் மாற்றி வேகவைக்க வேண்டும். வினிகர் பட்டதும் சோடா பொங்கத் தொடங்கிவிடும், மாவைக் காத்திருக்க வைக்கக் கூடாது. 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம். குக்கரில் என்றால் காஸ்கெட்டும் வெயிட்டும் இல்லாமல், சிறு தீயில் 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். கோகோ பவுடர் கருத்த நிறத்தில், காரம் (ஆல்கலி) சேர்த்துப் பதப்படுத்தியதாக இருந்தால் அதில் புளிப்பு இருக்காது. சோடாவைப் பாதியாக்கி, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேருங்கள். இல்லாவிட்டால் சோப்பு வாசம் அடிக்கும்.

பானத்துக்குப் பெரிய செய்முறை தேவையில்லை. ஒன்றரை டீஸ்பூன் கோகோ பவுடரை இரண்டு டீஸ்பூன் சர்க்கரையோடு முதலில் உலர்வாகக் கலந்துவிடுங்கள், கட்டி தட்டாது. அதில் இரண்டு டேபிள்ஸ்பூன் சூடான டிகாஷன் விட்டுக் குழைத்து, 120 மில்லி கொதித்த பாலை ஊற்றி, டவராவுக்கும் டம்ளருக்கும் நான்கு முறை உயர்த்தி ஆற்றுங்கள். நுரைக்காக மட்டும் ஆற்றவில்லை. அடியில் படியும் கோகோ பால் முழுவதும் பரவுவதும் அந்த வீச்சில்தான். இத்தாலியின் டூரின் நகரில் 'பிச்செரின்' என்று ஒரு பானம் உண்டு. காபி, குடிக்கும் சாக்லேட், பால் மூன்றையும் சிறு கண்ணாடிக் குவளையில் அடுக்கடுக்காக ஊற்றி, கலக்காமலே குடிக்கிறார்கள். நம் டம்ளர் அதற்குச் சளைத்ததல்ல. சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி போட்டால் இன்னும் ஆழமான சுவை. ஆனால் கருப்பட்டியைத் தனியே கரைத்து வடிகட்டி, பால் அடுப்பிலிருந்து இறங்கிய பிறகே சேர்க்க வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டால் திரியலாம்.

இவ்வளவு பொருத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் உண்டு. காபி, கோகோ இரண்டுமே பழத்துக்குள் இருக்கும் விதைகள். கோகோ விதையைப் பல நாள் புளிக்கவிட்டு, உலர்த்தி, வறுக்கிறார்கள். காபிக்கொட்டையையும் வறுக்கிறோம். அந்தச் சூட்டில் இரண்டிலும் ஒரே குடும்பத்து வாசனைப் பொருட்கள் உருவாகின்றன. பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோகோ விளைகிறது, ஏற்காட்டில் காபி விளைகிறது. இரண்டையும் வாங்க நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவள். காபியில் கஃபீன் உண்டு, டார்க் சாக்லேட்டிலும் கொஞ்சம் உண்டு. 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கஃபீனைத் தவிர்க்கும்படியே குழந்தை மருத்துவர்கள் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கு ஒரு நாளில் 200 மில்லிகிராம் கஃபீனுக்கு மேல் வேண்டாம் என்பது மகப்பேறு மருத்துவர்களின் பொதுவான அறிவுரை. கேக்கில் போகும் 80 மில்லி டிகாஷன் பன்னிரண்டு துண்டுகளில் பிரிந்துவிடும். மூஸில் அப்படியில்லை, ஒரு சிறு கிண்ணத்திலேயே நல்ல அளவு சேர்ந்துவிடும். எனவே மூஸ் பெரியவர்களுக்கு மட்டும் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு வேறு வழி இருக்கிறது. காபிக் கடையில் தனிச் சிக்கரித்தூள் கேட்டு வாங்குங்கள். சிக்கரியில் கஃபீன் இல்லை. இரண்டு டீஸ்பூன் தூளில் 60 மில்லி கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் கழித்துத் துணியில் வடிகட்டினால் கருகருவென்று ஒரு சாறு கிடைக்கும். அதிலிருந்து 30 மில்லி எடுத்து, டார்க் சாக்லேட்டுக்குப் பதில் 250 கிராம் பால் சாக்லேட்டில் உருண்டை செய்யுங்கள். மற்ற அளவுகளில் மாற்றமில்லை. இரண்டு தட்டுகளையும் தனித்தனியே வைத்து, குழந்தைகளின் உருண்டைகளைக் கோகோவுக்குப் பதில் தேங்காய்த் துருவலில் புரட்டிவிட்டால் எது யாருக்கு என்ற குழப்பம் வராது. திருச்சி வெயிலில் இவற்றை வெளியே வைக்க முடியாது. காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள், நான்கைந்து நாள் தாங்கும். பரிமாறும் முன் டப்பாவைத் திறக்காமலே கால் மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு திறங்கள். உடனே திறந்தால் உருண்டைகளின் மேல் வியர்த்து, புரட்டிய கோகோ ஈரமாகிவிடும்.