ஒன்பதாம் வகுப்பில் மகனின் மார்க் சரிந்துவிட்டது, டியூஷன் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகன் இந்த வருஷம் உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு சேர்ந்தான். பள்ளியும் புதிது. எட்டாவது வரை நன்றாகப் படித்தவன், இப்போது இரண்டு பாடங்களில் பாதி மார்க் கூட எடுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்திக்கொள்கிறான். என்ன கேட்டாலும் ‘ஒண்ணுமில்ல’தான். காலையில் எழுப்புவதே பெரும்பாடு. கண்டிப்பதா, டியூஷன் சேர்ப்பதா?

பதில்: இரண்டையும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். முதலில் அவனோடு உட்கார்ந்து, அந்த இரண்டு பாடங்களிலும் மார்க் எங்கே போனது என்று பாருங்கள். பரீட்சையில் விடை தெரியாமல் போனதா, வீட்டுப்பாடமும் ஒப்படைப்பும் கொடுக்காததால் போனதா? புதிதாக உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிள்ளைகளின் பையைத் திறந்தால், எழுதி முடித்த தாள் அடியில் கசங்கிக் கிடப்பதை அடிக்கடி பார்க்கலாம். எழுதியிருப்பான், கொடுத்திருக்க மாட்டான். நாள் தாண்டியதும் ஆசிரியரிடம் போய்ச் சொல்லக் கூச்சப்பட்டு அப்படியே விட்டிருப்பான்.

இதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுவது அநியாயம். பழைய பள்ளியில் அவனை நன்றாகத் தெரிந்த ஆசிரியர்கள் ஞாபகப்படுத்தியிருப்பார்கள். இப்போது பாடத்துக்கு ஓர் ஆசிரியர், ஆளுக்கொரு விதி, ஆளுக்கொரு கெடு. இதையெல்லாம் திட்டமிட்டுச் சமாளிக்கும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபது வயதுக்கு மேலும் சில வருஷங்கள் ஆகும். அதனால் வாரம் ஒருநாள் கால் மணி நேரம் அவனோடு இருங்கள். அந்த வாரம் கொடுக்க வேண்டியதையெல்லாம் ஒரே தாளில் அவன் கையாலேயே எழுதட்டும். நாள் தாண்டியவற்றுக்கு, “சார், முடிச்சுட்டேன், லேட்டாயிடுச்சு, இப்ப கொடுக்கலாமா?” என்று வீட்டிலேயே ஒருமுறை சொல்லிப் பார்க்கட்டும். சின்ன விஷயம்தான், ஆனால் அந்த ஒரு வாக்கியம் வராமல்தான் பல பிள்ளைகள் தவிக்கிறார்கள்.

அடுத்தது தூக்கம். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலட்டோனின் சுரக்கும் நேரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னுக்குப் போகிறது. இரவு பதினொன்றுக்கு முன் கண் சொக்காதது அவன் பிடிவாதம் அல்ல. ஆனால் 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். இதற்காகவே அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014இல், உயர்நிலைப் பள்ளிகள் காலை 8.30க்கு முன் தொடங்க வேண்டாம் என்று பரிந்துரைத்தது. பள்ளி நேரத்தை நம்மால் மாற்ற முடியாது. இரவில் போன் அவன் அறைக்கு வெளியே இருக்கட்டும். எழுந்ததும் வெளிச்சத்துக்கு வரட்டும். சாயங்காலத் தூக்கம் அரை மணியைத் தாண்ட வேண்டாம்.

‘ஒண்ணுமில்ல’ விஷயத்துக்கு வருகிறேன். நாள் முழுக்கப் புது முகங்களுக்கு நடுவே தன்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டு வருகிறான். வாசலிலேயே கேள்வி கேட்காமல் அரை மணி நேரம் விடுங்கள். அப்புறம் அவனோடு நடக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ பேச்சுக் கொடுங்கள். எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்த்துக் கேட்டால் வராத பேச்சு, பக்கத்தில் இருக்கும்போது தானாக வரும். “மதியம் யார்கூட சாப்பிடற?” என்று கேளுங்கள். புது மாணவனுக்கு மிகக் கடினமான நேரம் மதிய இடைவேளைதான். பதிலில் ஒரு பெயர் வந்தால் நிம்மதியாக இருங்கள், ஒருவர் போதும். யாருமில்லை என்றால், விளையாட்டோ இசையோ, அதே முகங்கள் வாராவாரம் கூடும் ஏதாவது ஒரு குழுவில் சேரச் சொல்லுங்கள். மார்க்கைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இரண்டு வாரத்துக்கு மேல் முகம் வாடியே இருந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, பள்ளி நாளன்று மட்டும் வயிற்றுவலி வந்தாலோ, யாராவது துன்புறுத்துகிறார்களா என்று விசாரியுங்கள். பள்ளி ஆலோசகரையும் மருத்துவரையும் பாருங்கள். உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்பது போல ஒரு வார்த்தை வந்தாலும் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள்.

டியூஷன்? கொடுக்காத தாள்களையெல்லாம் கொடுத்த பிறகும் ஒரு பாடம் புரியவில்லை என்று அவனே சொன்னால், முதலில் அந்த ஆசிரியரிடம் பேசுங்கள். அதற்கும் சரிவராவிட்டால் அந்த ஒரு பாடத்துக்கு மட்டும் டியூஷனில் சேர்த்துவிடுங்கள்.