மார்கழியில் ஏற்காடு ஏறும் பைக்: குளிர் குறித்த கேள்வி பதில்

மார்கழி பிறந்ததும் கேள்விகள் குவிந்துவிட்டன. வேலைக்காகத் தினமும் ஏற்காடு ஏறி இறங்குபவர்கள், விடியற்காலையில் பாலும் பூவும் கொண்டு போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை சுற்றப் போகிறவர்கள் என்று பலரும் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (கோரிமேடு): அண்ணா, வீட்டில் கிளம்பும்போது டி-ஷர்ட்டே போதும்போல் இருக்கிறது. இருபதாவது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் பல் கிட்டுகிறது. இந்தக் கொஞ்ச தூரத்தில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில்: உயரம் ஒன்று, எதிர்காற்று இன்னொன்று. சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக் கணக்கு. அப்படியென்றால் முக்கால் மணி நேரத்தில் ஏழெட்டு டிகிரி குளிர்ந்த ஊருக்குள் நுழைகிறீர்கள். போதாததற்கு பைக்கின் வேகம். நம் தோலை ஒட்டி எப்போதும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப் படலம் இருக்கும். எதிர்காற்று அதை அடித்துக்கொண்டு போய்விடும். 10 டிகிரியில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போனால் மூடாத தோலுக்கு அது 6 டிகிரி போல உறைக்கும்.

ஆனால் வீட்டு வாசலிலேயே எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். கீழே வியர்க்கும், அந்த ஈரம்தான் மேலே போய் உங்களை நடுங்க வைக்கும். அடிவாரத்தில் நிறுத்தி ஜாக்கெட்டைப் போடுங்கள், ஜிப் பாதி திறந்திருக்கட்டும். பாதி வளைவுகள் முடிந்ததும் குளிர் தெரிகிறதோ இல்லையோ, கழுத்து வரை இழுத்து மூடிவிடுங்கள். நடுக்கம் வந்தபிறகு மூடினால் உடம்பு பழைய சூட்டுக்கு வர வெகுநேரம் ஆகும்.

கேள்வி (அஸ்தம்பட்டி): இரண்டு ஸ்வெட்டர் போட்டும் நெஞ்சு குளிர்கிறது. மூன்றாவது வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஸ்வெட்டரை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள், பின்னலுக்கு நடுவே அந்தப் பக்கம் தெரியும். காற்றும் அதே வழியில்தான் உள்ளே வருகிறது. ஸ்வெட்டர் சூட்டைப் பிடித்து வைக்கும், காற்றைத் தடுக்காது. அதன் மேல் காற்று புகாத ஒரு துணி வேண்டும். விண்ட்சீட்டர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் மழைக்கு வைத்திருக்கும் ரெயின்கோட்டே போதும். ஒரு ஸ்வெட்டரும் அதன்மேல் ரெயின்கோட்டும், மூன்று ஸ்வெட்டரை விட நன்றாக வேலை செய்யும்.

உடம்பை ஒட்டிப் பருத்தி பனியன் போடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு அதைப்போல ஒன்று கிடையாது, ஆனால் வியர்வையைக் குடித்துவிட்டு ஈரத்தோடு உடம்பில் ஒட்டிக்கொள்ளும். நீர் காற்றைப்போல இருபத்தைந்து மடங்கு வேகத்தில் சூட்டைக் கடத்தும். கால்பந்து, கிரிக்கெட் ஆடுபவர்கள் போடும் பாலியஸ்டர் டி-ஷர்ட்டை உள்ளே போடுங்கள், சீக்கிரம் உலரும். பருத்திதான் இருக்கிறது என்றால் ஒரு பாலிதீன் கவரில் இன்னொரு பனியன் எடுத்துப் போய், மேலே போனதும் மாற்றிவிடுங்கள்.

கையில் ஒன்றுமே இல்லாத நாளில் செய்தித்தாள். நான்கைந்து தாள்களை மடித்து, சட்டைக்கும் ஸ்வெட்டருக்கும் நடுவே நெஞ்சிலிருந்து வயிறு வரை வையுங்கள். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் வீரர்கள் மலை உச்சியில் பேப்பரை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டு இறங்கிய காலம் உண்டு. நனைந்தால் மட்டும் உடனே எடுத்துப் போட்டுவிட வேண்டும்.

கேள்வி (நாகலூர், பால் ஊற்றுபவர்): விடிகாலை நாலரைக்கு வண்டி எடுக்கிறேன். கேனைத் தொட்டுக் கை நனைகிறது. கொஞ்ச நேரத்தில் விரல் மரத்துப்போய் பிரேக் பிடித்தேனா இல்லையா என்றே தெரிவதில்லை. கையுறை போட்டும் இதே கதைதான்.

பதில்: இதற்கு விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குளிரில் முதலில் ஆபத்து வரும் இடம் கைதான். நெஞ்சும் வயிறும் குளிர்ந்தால் உடம்பு உள்ளுறுப்பைக் காப்பாற்ற விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். அப்புறம் எவ்வளவு தடித்த கையுறை போட்டாலும் உள்ளே சூடு வர வழியில்லை. அதனால் கை மரத்தால் முதலில் நெஞ்சையும் கழுத்தையும் மூடியிருக்கிறீர்களா என்று பாருங்கள். கழுத்தில் மஃப்ளர் சுற்றிய அன்றைக்கும் சுற்றாத அன்றைக்கும் விரலில் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

அடுத்து ஈரம். உங்கள் வேலைக்குக் கம்பளிக் கையுறை தனியாக உதவாது. மெல்லிய கையுறை ஒன்று, அதன்மேல் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை ஒரு சைஸ் பெரிதாக. ரப்பர் தண்ணீரையும் காற்றையும் சேர்த்தே தடுக்கும். பார்க்க நன்றாக இராது, நான்கு நாளில் பழகிவிடும். உள்ளே வியர்வை சேருமாதலால் முக்கால் மணிக்கு ஒருமுறை உள்கையுறையை மாற்றுங்கள். மாற்று ஜோடியைச் சட்டைக்குள் வயிற்றோடு வைத்திருந்தால் போடும்போதே சூடாக இருக்கும். கையுறை இறுக்கமாக இருக்கக் கூடாது. விரலை உள்ளே அசைக்க முடியவில்லை என்றால் ரத்த ஓட்டமும் அப்படித்தான் நெருக்கப்பட்டிருக்கும். மணிக்கட்டுப் பகுதி ஜாக்கெட் கைக்குள் போக வேண்டும், இல்லையென்றால் அந்த இடைவெளியில் காற்று முழங்கை வரை ஏறும்.

மூன்றாவது, ஹேண்டில்பார் உறை. சீட் கவர் தைக்கும் கடையில் ரெக்சினில் தைத்துக் கேட்கலாம். வெளியே ரெக்சின், உள்ளே பழைய கம்பளித் துணி. கை நுழையும் வாய் அகலமாக, கையை உதறினால் உடனே வெளியே வரும்படி இருக்கட்டும். இதில் ஒரு கோளாறு வரும். உறை தளர்வாக இருந்தால் வேகம் கூடும்போது காற்று அதை லீவர் மேல் அழுத்தும். பிரேக் லேசாகப் பிடித்தபடியே ஓடிக்கொண்டிருக்கும், பின்விளக்கும் எரியும். மாட்டியதும் இருட்டில் சுவர் அருகே வண்டியை நிறுத்தி, உறையின் முன்பக்கத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். சுவரில் சிவப்பு வெளிச்சம் கூடினால் உறை லீவரைத் தொடுகிறது. முன்பக்கம் ஒரு வளைந்த பிளாஸ்டிக் பட்டை வைத்துத் தைத்தால் சரியாகும்.

மரத்த கையை எஞ்சினிலோ சைலன்சரிலோ வைக்கவே கூடாது, தீயிலும் காட்டாதீர்கள். உணர்ச்சி இல்லாததால் வெந்த பிறகுதான் தெரியும். வண்டியை நிறுத்தி அக்குளில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கொண்டலாம்பட்டி): சூடாகும் கிரிப் மாட்டலாமா? என்னுடையது 100 சிசி வண்டி.

பதில்: மாட்டலாம், கணக்குப் பார்த்து. ஒரு ஜோடி 36 வாட் எடுக்கும் என்றால் 12 வோல்ட்டில் 3 ஆம்பியர். சின்ன வண்டி பேட்டரியின் கொள்ளளவே 3, 4 ஆம்பியர்-அவர் தான். எஞ்சினை நிறுத்திவிட்டு கிரிப்பை அணைக்க மறந்தால் ஒரு டீ குடித்து வருவதற்குள் செல்ஃப் எடுக்காது. எனவே நேரடியாகப் பேட்டரியில் கொடுக்காதீர்கள். பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 5 ஆம்பியர் ஃபியூஸ், அங்கிருந்து ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சின்ன ஸ்விட்ச்) 30-ஆம் முனை, 87-லிருந்து கிரிப். 86-க்கு சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒயர், 85 எர்த். சாவியை எடுத்தால் கிரிப்பும் அணைந்துவிடும்.

மாட்டிய பிறகு மல்டிமீட்டரைப் பேட்டரியில் வைத்து, ஹெட்லைட்டும் கிரிப்பும் எரிய எஞ்சினை ஓடும் வேகத்துக்கு ஏற்றிப் பாருங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் நின்றால் பயமில்லை. 13-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி கரைகிறது, குறைந்த சூட்டில்தான் ஓட்ட வேண்டும். ஆக்சிலேட்டர் பக்கத்து ஒயருக்குத் தளர்வு விட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி திருப்பி, இரண்டிலும் ஆக்சிலேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். தானாகப் படக்கென்று திரும்ப வேண்டும். ஒயர் இழுத்து ஆக்சிலேட்டர் பாதியில் நின்றால் கொண்டை ஊசியில் உயிர் போகும் விஷயம்.

கேள்வி (ஏற்காடு, ஆசிரியை): மூடுபனியில் ஹெல்மெட் கண்ணாடியும் மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து மங்கிவிடுகிறது. திறந்தால் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது.

பதில்: மேடம், மூச்சிலுள்ள ஈரம் குளிர்ந்த கண்ணாடியில் படிவதுதான் காரணம். மூக்குப் பகுதியில் கம்பி வைத்த மாஸ்க்கைப் போட்டு, கம்பியை மூக்கின் மேல் நன்றாக அழுத்திவிடுங்கள். மூச்சு கீழ்ப்பக்கமாகப் போகும், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். ஹெல்மெட் கண்ணாடியை முழுக்கத் திறக்காமல் ஒரே ஒரு படி மட்டும் தூக்கி வையுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டை ஈரத்துணியில் விட்டு உட்புறம் தடவி, உலரவிட்டு, மெல்லிய துணியால் தெளிவாகும் வரை துடைத்தால் ஓரிரு நாள் தாங்கும். கண்ணாடியில் ஏற்கெனவே பனி படியாத பூச்சு இருந்தால் இதைச் செய்யாதீர்கள், பூச்சு போய்விடும். கறுப்புக் கண்ணாடி ஹெல்மெட் ஏற்காட்டுப் பனிக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி (அதே ஆசிரியை): சேலை கட்டி ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். சால்வை போர்த்தலாமா?

பதில்: வேண்டாம் மேடம். சால்வை நுனி பறந்து சக்கரத்தில் மாட்டும், போர்த்திய சூடும் காற்றில் நிற்காது. சேலைக்கு உள்ளே தடித்த லெக்கிங்ஸ், மேலே விண்ட்சீட்டர், முந்தானை அதற்குள். ஸ்கூட்டரின் முன்தகடு காலைக் காப்பாற்றும், மூட்டுக்கும் கைக்கும்தான் நீங்கள் பார்க்க வேண்டும்.

கேள்வி (கன்னங்குறிச்சி): ஹெல்மெட்டுக்குள் மங்கி கேப் போடலாமா?

பதில்: தடித்த கம்பளிக் குல்லா போட்டால் ஹெல்மெட் தலையில் சரியாக உட்காராது, விழுந்தால் கழன்று போகும். முகத்தையும் கழுத்தையும் மூடும் மெல்லிய துணி உறை போடுங்கள். போட்டபின் பட்டையை மாட்டி, ஹெல்மெட்டைப் பிடித்து ஆட்டினால் கன்னத் தோலும் கூடவே அசைய வேண்டும்.

கேள்வி (அயோத்தியாப்பட்டணம்): மூன்று வயசுப் பையனை முன்னால் டேங்கில் உட்கார வைத்துக் குப்பனூர் வழியாக ஏற்காடு போகலாம் என்று இருக்கிறோம்.

பதில்: முன்னால் வைக்காதீர்கள் தம்பி. உங்கள் நெஞ்சுக்கு வரவேண்டிய காற்று மொத்தத்தையும் அந்தப் பிள்ளை வாங்கும். பெரியவர்களை விடச் சின்னக் குழந்தையின் உடம்பு வேகமாகக் குளிரும். குளிர்கிறது என்று சொல்லவும் தெரியாது, பேசாமல் தூங்குவதுபோல் ஆகிவிடும். இதில் சட்டமும் இருக்கிறது. 2023 பிப்ரவரி 15 முதல், நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஹெல்மெட்டும், ஓட்டுபவரோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. என்னைக் கேட்டால் அந்த ஒருநாள் பஸ்ஸில் போய்விடுங்கள். சேலத்திலிருந்து பஸ் வசதி தாராளமாக இருக்கிறது.

கேள்வி: கால் விரல்?

பதில்: செருப்போடு ஏறாதீர்கள், ஷூ போடுங்கள். இரண்டு சாக்ஸ் போட்டு ஷூ இறுகினால் இன்னும் குளிரும். ஒரு சாக்ஸ், அதன்மேல் பாலிதீன் கவர், அப்புறம் ஷூ. ரெயின்கோட் பேன்ட் போடுகிறவர்கள் வலதுகால் நுனியை ரப்பர் பேண்டால் கட்டுங்கள், சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும்.

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை): ராத்திரி இறங்கும்போது ஒரு கட்டிங் போட்டால் குளிர் தெரியாது என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: தெரியாது என்பது உண்மைதான், ஆபத்தே அதில்தான் இருக்கிறது. சாராயம் தோலின் ரத்தக் குழாய்களை விரிக்கும். தோல் சூடாகத் தோன்றும், அதே நேரத்தில் உள்சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். இருபது கொண்டை ஊசியில் அந்த நிலையில் வண்டியைத் தொடாதீர்கள். ஒரு டம்ளர் சூடான காபி, கூடவே ஏதாவது சாப்பாடு. வயிற்றில் சாப்பாடு இருந்தால்தான் உடம்பு சூட்டை உண்டாக்கும்.

கேள்வி: எப்போது ஓட்டுவதை நிறுத்திவிட வேண்டும்?

பதில்: நடுக்கத்தை அடக்க முடியாமல் போனாலோ, சட்டைப் பொத்தானைப் போட விரல் ஒத்துழைக்காவிட்டாலோ உடனே நிறுத்துங்கள். ஈரத்தைக் கழற்றி, உலர்ந்ததைப் போட்டு, சூடாக ஏதாவது குடித்து, விரல் பழையபடி மடங்கும் வரை அங்கேயே இருங்கள். உடன் வருபவர் பேச்சுக் குழறினாலோ, நடுங்கிக்கொண்டிருந்தவர் நடுக்கம் நின்று மந்தமாகிவிட்டாலோ குணமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், உடல் வெப்பம் மோசமாக இறங்கியிருக்கிறது. 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை நோயில் விரல் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டுப் பொட்டலத்தை நேராகத் தோலில் வைக்கக் கூடாது. லேசான குளிருக்கே விரல் வெளுத்து, அப்புறம் நீலமாகிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி (ஐந்து ரோடு): ஏற்காட்டில் சேர்வராயன் கோயில் வரைக்கும் போகிறோம். குளிருக்காக டயரில் காற்றைக் குறைக்கணுமா?

பதில்: தேவையில்லை. குளிரில் டயர் காற்றழுத்தம் ஒன்றரை பிஎஸ்ஐ வாக்கில் இறங்கும், உயரத்தில் வெளிக்காற்று அழுத்தம் குறைவதால் கேஜில் இரண்டு வாக்கில் ஏறும், இரண்டும் ஏறக்குறைய ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். சேலத்தில் காலையில் டயர் சூடேறுமுன் கம்பெனி சொன்ன அளவுக்கு அடித்துக்கொண்டு கிளம்புங்கள். கோயில் பக்கம் மரமில்லாத வெட்டவெளி, காற்று பக்கவாட்டில் அடிக்கும். ஏற்காடு ஏரி தாண்டும்போதே கழுத்துவரை மூடிக்கொள்ளுங்கள். இறங்கும்போது இரண்டாவது கியர், எஞ்சினை அணைக்காமல். எஞ்சின் வேகத்தைப் பிடித்துக்கொண்டால் குளிர்ந்த விரலுக்குப் பிரேக் வேலை பாதியாகக் குறையும்.